வலிப்பு கண்டால் செய்ய வேண்டுவது: உயர்நிலைப் பள்ளிகளில் முதலுதவிப் பயிற்சி

வலிப்பு நோயாளர் இல்லாத ஊர் இல்லை என்று துணிந்து கூறலாம். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் செல்வம் குறைந்த நாடுகளிலும் வளர்ந்து வரும் நாடுகளிலுமே வாழ்கின்றனர். ஆயிரம் பேருக்கு 4 முதல் 10 பேர் வரை என்னும் விகிதத்தை நம் ஊராட்சிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். 3,000 மக்கள் தொகை கொண்ட ஓர் ஊராட்சியில் 12 பேர் முதல் 30 பேர் வரை வலிப்பு நோயாளர் இருத்தல் கூடும். 500 பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளியில் இருவர் முதல் ஐவர் வரை இருக்கலாம். "எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் இல்லையே" என்று ஊராட்சி உறுப்பினர் ஒருவர் சொல்வாராயின், அவ்வூரில் நோய் மறைக்கப்பட்டு வருகிறது என்றே நாம் பொருள் கொள்ள வேண்டும்.

பேருந்து நிற்கும் இடத்திலோ சந்தையிலோ ஒருவர் வலிப்புற்று விழுந்தால் நிகழ்வதை யாவரும் கண்டிருப்போம். பலர் ஓடி வந்து சூழ்ந்துகொள்வர். ஒருவர் கையைப் பிடித்து அழுத்துவார். மற்றொருவர் காலின்மேல் அமர்வார். வேறொருவர் சாவிக்கொத்தைத் தேடி அவர் கையில் திணிப்பார். அதனினும் துணிந்தவர் பற்களின் இடையே கரண்டியை நுழைப்பார். வாயில் தண்ணீர் ஊற்றுவாரும் உண்டு. இவர்கள் யாவரும் நல்லெண்ணத்துடனேயே இவற்றைச் செய்கின்றனர். எனினும், இவற்றுள் ஒன்றேனும் நோயாளிக்குப் பயன் தருவதில்லை. சில அவர் உயிருக்கே கேடாய் முடிகின்றன. சரியான முதலுதவியோ மிக எளிது. அதைச் செய்ய மருந்தும் வேண்டா, கருவியும் வேண்டா. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் இரண்டு பாடவேளைகளில் அதைக் கற்றுத் தேறிவிடலாம். அப்பயிற்சியை உயர்நிலைப் பள்ளிகளில் நடத்துவது எங்ஙனம் என்பதும், ஊராட்சி மன்றத்தினர் அதற்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

பெரியவர்களை விடுத்து மாணாக்கரைத் தேர்ந்தது ஏன் என வினவலாம். பகலில் பெரியோர் வயலுக்கும் வேலைக்கும் சென்றுவிடுகின்றனர். வகுப்பிலும், விளையாட்டு மைதானத்திலும், ஊர்ப் பேருந்திலும் அருகில் இருப்பவர் மாணாக்கரே. மேலும், ஐம்பது ஆண்டுகளாக மனத்தில் ஊறிய அச்சத்தை ஒரு கூட்டத்தில் போக்கிவிட இயலாது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த அச்சம் இன்னும் வேரூன்றவில்லை. அவ்வயதில் ஒரு பெரியவரை ஒருக்களித்துத் திருப்பும் உடல் வலிமையும் வந்துவிடுகிறது.

நோயின் இயல்பு

நமது மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின் துடிப்புக்களால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. வாய்க்காலில் மடைக்கு மடை முறை வைத்துப் பாயும் நீர், ஒரே சமயத்தில் கரைகளை உடைத்துக்கொண்டு எல்லா வயல்களிலும் புகுந்தால் எப்படியிருக்கும்? அதுபோல் அணுக்கள் பலவும் ஒருங்கே கட்டுமீறித் துடிப்பதே வலிப்பு எனலாம். வெள்ளம் வடிவது போல் அது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். கால்கை வலிப்பு என்பது பேச்சு வழக்கில் திரிந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடுவதாலோ, வாய் நுரை மேலே படுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ இஃது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவாது. தெய்வக் குற்றமோ பேயின் செயலோ அன்று, மூளையில் தோன்றும் நோயே என்பது ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு மருத்துவ நூலில் எழுதப்பட்டுவிட்டது. எனினும், வலிப்பு வந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டுமுன் மந்திரிப்பவரிடம் கொண்டு செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. கோயிலுக்குச் செல்வதை யாரும் தடுக்க வேண்டுவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் செல்வதையே தடுக்க வேண்டும்.

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைதல், தலையில் பட்ட அடி, மூளைக் காய்ச்சல், பக்கவாதம், பரம்பரைக் கூறு எனக் காரணங்கள் பல. நோயாளரில் கணிசமானவர்க்குக் காரணம் தெரிவதே இல்லை. ஆனால் ஒரு காரணத்தை மட்டும் ஊராட்சி மன்றத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது பன்றியின் உடலில் வளரும் நாடாப்புழுவைப் பற்றியது. நன்கு வேகாத பன்றி இறைச்சியை உண்பவர் குடலில் இப்புழு வளர்கிறது. அவர் திறந்த வெளியில் மலம் கழித்தால் புழுவின் முட்டைகள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. அந்நீர் பாய்ந்த கீரையையும் காயையும் கழுவாமல் உண்பவரின் வயிற்றில் அம்முட்டைகள் புகுகின்றன. அங்குப் பொரிந்த புழுக்கள் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து கட்டிகளாய்த் தங்கிவிடுகின்றன. இக்கட்டிகளே வலிப்பை உண்டாக்குகின்றன. இவ்வகைப் புழு மிகுந்த பகுதிகளில் வலிப்பு நோயாளர் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர்க்கு இதுவே காரணம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பன்றி இறைச்சியைக் கண்ணாலும் பாராத சைவ உணவினருக்கும் இவ்வழியில் நோய் வரக்கூடும் என்பதை மறத்தலாகாது. கழிப்பறையைக் கட்டியதோடு நில்லாமல் அதனைப் பயன்படுத்துவதும், பன்றிகளைத் தெருவில் திரிய விடாமல் பட்டியில் அடைப்பதும், கீரையைத் தூய நீரில் கழுவுவதும், சோப்பினால் கை கழுவுவதும் வலிப்பைத் தடுக்கும் வழிகளே. தலைக்கவசம் அணிவதையும் இவற்றோடு சேர்க்கலாம்.

வலிப்பை அறிதல்

எல்லா வலிப்பும் கீழே விழுந்து துடிப்பதாக இராது. மாணாக்கர்க்கு முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே. யாவரும் அறிந்த பெருவலிப்பில் நோயாளி சில சமயம் ஓர் ஒலி எழுப்பி விழுவார். உடல் விறைக்கும்; கண்கள் மேலே செருகும்; பின்னர்க் கை கால்கள் விட்டு விட்டு இழுக்கும். உதடு நீலம் பாரிக்கலாம், வாயில் நுரை தள்ளலாம், நாக்குக் கடிபட்டு இரத்தம் கசியலாம், சிறுநீர் பிரியலாம். காண்பவர்க்கு அவர் இறந்துவிடுவார் போலத் தோன்றும். எனினும் இழுப்பு அடங்கியதும் மூச்சுச் சீராகி, அவர் சிறிது நேரம் குழப்பமுற்றோ அயர்ந்து உறங்கியோ கிடப்பார்.

பள்ளிச் சிறுவரிடம் காணப்படும் மற்றொரு வகை, எளிதில் கண்ணில் படாதது. பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தி, பத்து இருபது விநாடிகள் வெறித்து நோக்கும். இமை துடிக்கலாம். கூப்பிட்டால் விடை இராது. பின்னர் ஒன்றும் நிகழாதது போல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் இது பல முறை வரக்கூடும். கவனக் குறைவு, பகற்கனவு, சோம்பல் என்று எத்தனை பிள்ளைகள் பிரம்படி பட்டிருப்பார்களோ தெரியாது! மூன்றாவது வகையில் மூளையின் ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்படும். ஒரு கை மட்டும் துடிக்கலாம். அல்லது நோயாளி உதட்டைச் சப்புதல், சட்டைப் பொத்தானைத் திருகுதல், நோக்கமின்றி நடத்தல் முதலியவற்றைச் செய்யலாம். இவரைக் குடித்திருப்பவர் என்று பிறர் தவறாக எண்ணுவதுண்டு. இவரைப் பிடித்து நிறுத்தாமல், நெருப்பு, கிணறு, சாலை ஆகியவற்றின் பக்கம் போகாதவாறு மெல்ல வழி மறித்தலே போதும்.

காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்ற பிள்ளை முகம் வெளுத்து, வியர்த்து, துவண்டு விழுந்தால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவு பிறக்கும். மயக்கத்திலும் இரண்டொரு முறை கை கால் வெட்டுவது உண்டு. ஐயம் இருப்பின் வலிப்பாகவே கொண்டு முதலுதவி செய்தலே நன்று.

செய்ய வேண்டுவன

முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் அருகில் உள்ள கல், பெஞ்சு, மண்வெட்டி, அடுப்பு முதலியவற்றை அகற்ற வேண்டும். அவரை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லலாகாது. நடுச்சாலை, நீர்நிலை, நெருப்பு ஆகிய இடங்களாயின் மட்டும் நகர்த்தலாம். தலையின்கீழ் மடித்த துண்டையோ புத்தகப் பையையோ வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். இழுப்புத் தளர்ந்தவுடன் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் முக்கியம். அப்பொழுதுதான் எச்சிலும் வாந்தியும் மூச்சுக் குழலுக்குள் போகாமல் வெளியே வடியும். தெளிவு வரும் வரையில் ஒருவர் உடனிருந்து மென்மையாகப் பேச வேண்டும். ஆடை நனைந்திருந்தால் ஒரு துண்டால் போர்த்திவிடுவது, அவர் கண் விழிக்கும்போது நாணமுறாமல் காக்கும்.

கை கால்களை அழுத்திப் பிடித்தால் தசை கிழியும், மூட்டுப் பிசகும், எலும்பும் முறியக்கூடும், இழுப்பு நிற்காது. நாக்கை விழுங்கிவிடுவார் என்ற அச்சம் ஆதாரமற்றது. நாக்கு வாயின் அடியோடு ஒட்டியிருப்பதால் அதனை யாரும் விழுங்கிவிட முடியாது. வாயில் நுழைத்த கரண்டியோ பல்லை உடைக்கும்; உடைந்த பல் மூச்சுக் குழலில் சிக்கும்; விரலை நுழைத்தவர் விரலையே இழப்பதுண்டு. தண்ணீர், சோடா, மாத்திரை எதனையும் முழுத் தெளிவு வருமுன் வாயில் இடலாகாது. இனி இரும்பைப் பற்றி. சாவியைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றதைத் தம் கண்ணாலேயே கண்டதாகப் பலர் சாதிப்பர். அவர்கள் கூறுவது பொய்யன்று. சாவியைத் தேடிக் கொணர்ந்து, மூடிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. வலிப்பும் அந்நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. புகழ் இரும்புக்குப் போகிறது! கூர்மையான இரும்பு துடிக்கும் கையில் இருப்பது ஆபத்தானது. வெங்காயத்தையும் செருப்பையும் முகரச் செய்வதன் கதையும் இதுவே.

5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தாலும், தெளிவு வருமுன் மறுமுறை வந்தாலும் 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதன் முறையாக வலிப்பு வந்தவர், கர்ப்பிணி, நீரிழிவு நோயாளி, தலையில் அடிபட்டவர், வலிப்பு நின்ற பின்னும் மூச்சுத் திணறுபவர் ஆகியோர்க்கு 5 நிமிடம் காத்திருத்தல் கூடாது. குளத்திலோ கிணற்றிலோ வலிப்பு வந்தால் முகத்தை நீருக்கு மேல் தாங்கிக் கரை சேர்த்து, அவர் நன்றாயிருப்பதாகக் கூறினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீர் நுரையீரலுள் புகுந்திருக்கலாம். காய்ச்சலில் இழுப்பு வரும் சிறு குழந்தைக்கும் இதே முதலுதவிதான். சூடு போடுவது கொடுமையே அன்றி மருத்துவமாகாது.

பள்ளியில் கற்பிக்கும் முறை

எமது வட்டாரத்தில் சில பள்ளிகளில் இதனை நடத்திப் பார்த்ததில் இரண்டு பாடவேளைகள் போதும் என்று கண்டோம். முதல் பாடவேளையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மேலே கூறியவற்றை விளக்குவார். மாணாக்கர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் வினாக்களைப் பெயரின்றிச் சீட்டில் எழுதச் செய்வது நல்ல பயன் தருகிறது. "என் அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?" "இந்நோய் உள்ள அக்காவுக்குத் திருமணம் ஆகுமா?" என்பன போன்றவை சீட்டுக்களில்தான் வந்தன. உடன்பிறந்தவர்க்கு இருப்பதால் மட்டும் எல்லார்க்கும் வந்துவிடாது என்பது முதல் வினாவுக்கு விடை. இரண்டாவதற்குச் சட்டமே விடை கூறியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்கு ஒரு தடையாகக் கூறப்பட்டிருந்தது; 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அது நீக்கப்பட்டது. மருத்துவரின் மேற்பார்வையில் கருவுற்று நலமாக ஈன்ற தாய்மார் பலர். ஆனால் சில வலிப்பு மாத்திரைகள் கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால், கருவுறுமுன்பே மருத்துவரைக் கலந்து மாற்றிக்கொள்ள வேண்டும், தாமாக நிறுத்திவிடலாகாது.

இரண்டாம் பாடவேளை செயல்முறைக்கு உரியது. பாய் விரித்து ஒருவன் நோயாளியாகப் படுப்பான். ஒருவன் நேரம் பார்ப்பான். ஒருவன் கூட்டத்தை விலக்குவான். ஒருவன் ஆசிரியரை அழைத்து வருவான். நான்காமவன் அருகில் மண்டியிடுவான். அவன் தன் பக்கத்துக் கையை வெளிப்புறமாக மடித்து நீட்டி வைத்து, மறுபக்கத்துக் கையின் புறங்கையை நோயாளியின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, மறுபக்கத்து முழங்காலை மடக்கித் தன்னை நோக்கி இழுத்தால் கனத்த உடலும் எளிதில் திரும்பிவிடும். பின்னர் மோவாயைச் சற்று உயர்த்தி, வாய் தரையை நோக்குமாறு செய்தல் வேண்டும். முதன் முறை எல்லாரும் சிரிப்பர், சிரிக்கட்டும். மூன்றாம் முறை சிரிப்பு இராது. இந்நோய் உள்ள பிள்ளையை எழுப்பி நிறுத்திக் காட்டுவதோ, நடிக்கச் சொல்வதோ மட்டும் ஒருபோதும் கூடாது.

மற்றொரு சிறு பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆயிற்று என்று தோன்றும்போது கையை உயர்த்தச் சொன்னால், பெரும்பாலோர் நிமிடம் முடியுமுன்பே உயர்த்திவிடுகின்றனர். அமைதியாக அமர்ந்திருக்கும்போதே இப்படியெனில், அச்சத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கடிகாரத்தின் தேவை அப்பொழுது சொல்லாமலே விளங்கிவிடும். வலிப்பு எந்தக் கையில் தொடங்கிற்று, தலை எப்பக்கம் திரும்பிற்று, எத்தனை நிமிடம் நீடித்தது என்பவற்றைக் குறித்துக் கொடுத்தால் மருத்துவர்க்குப் பேருதவியாகும். மருத்துவர் வலிப்பை நேரில் காண்பது அரிதன்றோ! வீட்டார் இசைந்தால் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். அதனைப் பிறர்க்கு அனுப்புவது நோயினும் பெரிய தீங்கு என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். எமது வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறைவணக்கத்தின்போது வலிப்புற்று விழுந்தாள். "குணமான பின்பு அழைத்து வாருங்கள்" என்று சொல்லிப் பள்ளியினர் அவளைத் தந்தையுடன் அனுப்பிவிட்டனர். மருத்துவ முறையில் இதற்கு யாதொரு காரணமும் கிடையாது. அவள் ஓராண்டு ஆடு மேய்த்தாள். பின்னர்ச் சுகாதார செவிலியர் கண்டு சிகிச்சைக்கு அனுப்ப, மாத்திரை உண்டு மீண்டும் பள்ளிக்கு வந்தாள். வந்த சில மாதங்களில் வகுப்பிலேயே மறுமுறை வலிப்பு வந்தது. இம்முறை வகுப்புத் தோழியர் பயிற்சி பெற்றிருந்தனர். ஒருத்தி நேரம் பார்த்தாள், இருவர் பெஞ்சை நகர்த்தினர், ஒருத்தி ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துப்பட்டாவால் போர்த்தினாள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. சிறிது உறங்கி எழுந்தவள் மாலையில் தோழியரோடு வீடு சென்றாள். இழந்த ஓராண்டுப் படிப்பு இழந்ததுதான்.

கிரிக்கெட் ஆட்டத்தில் விருப்பமுள்ள மாணாக்கர்க்குத் தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸின் பெயரைச் சொல்லலாம். 1992 உலகக் கோப்பைப் போட்டியில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். அவருக்கும் வலிப்பு நோய் உண்டு.

வீட்டாரும் ஊராட்சியும்

உரிய சிகிச்சை பெற்றால் நோயாளர் பத்துப் பேரில் எழுவர் வரை வலிப்பின்றி வாழ இயலும். ஃபீனோபார்பிட்டோன் என்னும் மாத்திரை 1912 முதல் வழக்கில் உள்ளது, விலையும் மலிவு. இதுவும் பிற வலிப்பு மாத்திரைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன. இடர் எங்கே எனில், ஆறு மாதம் வலிப்பு வராதிருந்தால் குணமாகிவிட்டது என எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவதில்தான். திடீரென நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக, நிற்காத வலிப்பாகவே திரும்பக்கூடும். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றி இருந்த பின்னர், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். கதிர் அறுப்புக் காலத்தில் மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்பவர்கள் அக்கம்பக்கத்தாரையாவது அனுப்பலாம். தூக்கம் கெடுவதும் மது அருந்துவதும் வலிப்பைத் தூண்டும். ஆதலால் இரவில் நீர் பாய்ச்சக் கண் விழிக்கும் வேலையை நோயாளிக்குத் தரலாகாது. தனியே கிணற்றிலும் குளத்திலும் குளித்தல், தென்னை பனை ஏறுதல், டிராக்டர் ஓட்டுதல் ஆகியவையும் வலிப்பு முற்றும் கட்டுப்படும் வரை ஆகா. சமையலைத் தனியே செய்யும் பெண்டிர் தீப்புண் படுவது உண்டு. அடுப்பைச் சுற்றி ஒரு தடுப்பு வைத்தல் நலம். ஆடு மாடு வளர்ப்பு, தையல், கடை, அலுவலகம் எனச் செய்யத்தக்க வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வாயிலாக இப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். இளஞ்செஞ்சிலுவைச் சங்கமோ சாரணர் படையோ உள்ள பள்ளியில் அதன் பொறுப்பாசிரியரே இதனை ஏற்று நடத்த முடியும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளை முன்னதாகக் கேட்டறிந்து, வெறித்து நோக்கும் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்கள் அவர்களிடம் தனியே தெரிவிக்க வேண்டும். அக்குழு கண்டறிய வேண்டிய நோய்களில் வலிப்பும் ஒன்று. நவம்பர் 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள். அச்சபையில் மாணாக்கர் ஐவரை அழைத்துப் பத்து நிமிடம் செய்து காட்டச் சொன்னால் ஊரார் அனைவரும் காண்பர். பேருந்து நிறுத்தச் சுவரில் "வாயில் ஒன்றும் வைக்காதீர், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 5 நிமிடம் கடந்தால் 108" என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். சுண்ணாம்பும் காவியும் ஊராட்சி தரட்டும். எழுதும் வேலையை மாணாக்கரிடமே விட்டுவிடலாம்.